கொடைக்கானல் நாய்க்குட்டியும் கசௌலி ரயிலும்

கோடை விழா நேரத்துல கொடைக்கானல் போயிருக்கீங்களா? பிரையன்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி ஒரு பக்கம் நடக்கும். விழா நாட்களில் ஒருநாள் நாய்கள் கண்காட்சியும் உண்டு. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டுன்னு பளபளன்னு சீவி விட்ட நாய்களைப் பார்த்துட்டு மலை இறங்கும்போது, வண்டியில் பின்சீட்டுல இருந்து ஒரு நச்சரிப்பு ஆரம்பிக்கும். "அப்பா, நமக்கும் ஒரு குட்டி வாங்கலாம்ப்பா." பல வீடுகளில் நாய் வளர்ப்பு இப்படித்தான் தொடங்குது.

குட்டிக்கு என்ன சாப்பாடு, எத்தனை நாளைக்கு ஒருமுறை குளிப்பாட்டணும்னு கால்நடை மருத்துவர் சொல்லிடுவார். நான் மனுஷங்களுக்கு வைத்தியம் பார்க்கிறவன். அந்தக் குட்டி கடிச்சதுக்கு அப்புறம் நடக்கிறதுதான் என் ஏரியா. அதுக்குப் பின்னாடி நூறு வருஷத்துக்கும் மேலான ஒரு கதை இருக்கு. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

1845-ல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் கொடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். சன்னிசைடு, ஷெல்டன் என்று பெயர். கீழே சமவெளியில் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் குடும்பத்தில் பலரைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். நோய்க்குப் பயந்துதான் மலை ஏறினார்கள். 1863-ல் லெவிஞ்ச் ஏரியை உருவாக்கினார். பங்களாக்கள் பெருகின. பங்களா வந்தா நாயும் வரும். சுற்றிலும் காடு. காட்டில் நரி. வெறிபிடித்த நரி ஒன்று வீட்டு நாயைக் கடித்துவிட்டால் போதும்.

இப்போ 1900-ம் வருஷம்னு வெச்சுக்குங்க. கொடைக்கானலில் ஒரு குழந்தையை வெறிநாய் கடிச்சிருச்சு. என்ன செய்வாங்க?

வைத்தியம் இருந்தது. 1885 ஜூலை 6 அன்று பாரிஸில் லூயி பாஸ்டர், ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுப் பையனுக்கு முதன்முதலாக ரேபிஸ் தடுப்பூசி போட ஆரம்பித்தார். வெறிநோய் கண்ட முயலின் தண்டுவடத்தை உலர்த்தி அரைத்துச் செய்த மருந்து. வயிற்றுப் பக்கத் தோலுக்கடியில் 10 நாளில் 13 ஊசி. பையன் பிழைத்தான். (வயிறுங்கிறதை ஞாபகம் வெச்சுக்குங்க, திரும்ப வருவேன்.)

அதன்பின் 15 வருஷம், இந்தியாவில் நாய்கடி பட்ட வசதியான வெள்ளைக்காரர்கள் கப்பலேறிப் பாரிஸ் போனார்கள். மற்றவர்களுக்கு மஞ்சள், சுண்ணாம்பு, மந்திரம். 1900 ஆகஸ்டில் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் நாட்டின் முதல் பாஸ்டர் நிலையம் திறந்தார்கள்.

கொடைக்கானலிலிருந்து கசௌலிக்கு எப்படிப் போறது? இன்னிக்கு இருக்கிற மலைச்சாலை அப்போ கிடையாது. 'கூலி காட்' என்ற ஒற்றையடிப் பாதையில் நடந்தோ, நாற்காலியில் தூக்கிச் சுமந்தோ பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்புக்கு இறங்கணும். அங்கிருந்து ராத்திரி முழுக்க மாட்டுவண்டி. விடிஞ்சா அம்மையநாயக்கனூர் ரயில் நிலையம், இன்னிக்கு நாம 'கொடை ரோடு'ன்னு சொல்றது அதைத்தான். அப்புறம் மெட்ராஸ், வடக்கே போகும் ரயில்கள், கால்காவில் இறங்கி மறுபடி ஒரு மலை. மொத்தம் 2,500 கிலோமீட்டருக்கு மேல்.

இவ்வளவு தூரம் போய்ப் பயன் இருக்குமான்னு கேட்பீங்க. பெரும்பாலும் இருக்கும், அதுதான் இந்த நோயின் விசித்திரம். ரேபிஸ் வைரஸ் ரத்தத்தில் ஓடாது. கடிபட்ட இடத்தில் நரம்புக்குள் நுழைந்து, நரம்பு வழியாகவே மெதுவாக மூளைக்கு ஏறும். வழக்கமாக ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகும். சிலருக்கு ஒரு வருஷமும் தாண்டும். காலில் கடித்தால் தூரம் அதிகம். முகத்திலோ கழுத்திலோ கடித்தால் தூரம் குறைவு, சில வாரத்திலேயே முடிந்துவிடலாம். அது மூளைக்குப் போறதுக்கு முன்னாடி நாம் உடம்புக்கு எதிர்ப்புச் சக்தியைக் கொடுத்துடணும். ரயில் ஒரு பக்கம், வைரஸ் ஒரு பக்கம்னு ஓட்டப்பந்தயம்.

எல்லாரும் ஜெயிக்கவில்லை. 1902-ல் லில்லி பேகன்ஹாம் வால்ஷ் என்ற பெண் தென்னிந்தியாவில் நாய்கடிக்கு ஆளாகி ரேபிஸ் வந்து இறந்தார். தெற்கே எங்கேயும் சிகிச்சை இல்லை என்ற உண்மை அந்தச் சாவில்தான் அரசுக்கு உறைத்தது. பொதுமக்களிடம் நன்கொடை திரட்டினார்கள். அமெரிக்க எஃகுத் தொழிலதிபர், கார்னெகியின் கூட்டாளி ஹென்றி பிப்ஸ் வைஸ்ராய் கர்சனிடம் கொடுத்திருந்த பணத்திலும் ஒரு பங்கு வந்தது. (பீகாரில் பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையம் உருவானதும் அதே பிப்ஸ் பணத்தில்தான்.) 1907 ஏப்ரல் 6 அன்று குன்னூரில் 'தென்னிந்திய பாஸ்டர் நிலையம்' தொடங்கியது. இப்பவும் சிம்ஸ் பூங்கா எதிரே சிவப்புக் கட்டடமா நிக்குது, ஊட்டி டூர்ல எல்லாரும் தாண்டிப் போற இடம்தான்.

கொடைக்கானல்காரருக்கு இது பெரிய விஷயம். கால்கா வரைக்கும் போக வேண்டாம். ஆனாலும் ஒரு மலை இறங்கி, மேட்டுப்பாளையம் போய், இன்னொரு மலை ஏறணும்.

1911-ல் கசௌலியில் டேவிட் செம்பிள் அதையும் மாற்றினார். வெறிநோய் கண்ட விலங்கின் மூளையை அரைத்து, கார்பாலிக் அமிலத்தால் வைரஸைக் கொன்று, புட்டியில் அடைத்தார். பின்னாளில் செம்மறி ஆட்டு மூளையில் செய்தார்கள். இந்த மருந்தைப் பார்சலில் அனுப்பலாம். நோயாளி மருந்தைத் தேடி அலைந்த காலம் போய், மருந்து நோயாளியைத் தேடி வர ஆரம்பித்தது. குன்னூரிலிருந்து புட்டிகள் ஊர் ஊராகப் போயின. லாஸ் காட் சாலை 1914 வாக்கில் முடிந்து கொடைக்கானலுக்கு மோட்டார் வண்டியும் ஏறியது.

ஆனா அந்த ஆட்டு மூளை ஊசிக்கு ஒரு விலை இருந்தது. தினம் ஒன்று வீதம் 14 நாள் வரைக்கும் வயிற்றில் போடணும். வயிறு வீங்கும், வலி தாங்க முடியாது. மூளைத் திசு என்பதால் சிலருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்த நரம்பையே தாக்கி, கைகால் முடங்கி, சிலர் செத்தும் போனார்கள். உயிரைக் காப்பாத்தின மருந்தே பயமாகவும் ஆச்சு. "நாய் கடிச்சா தொப்புளைச் சுத்தி 14 ஊசி"ன்னு நம்ம பாட்டிமார் சொன்னது கட்டுக்கதை இல்லீங்க, அனுபவம்.

2004 இறுதியோடு இந்தியாவில் அந்த ஊசியை நிறுத்தியாச்சு. 20 வருஷம் தாண்டிடுச்சு. ஊசி போயிடுச்சு, பயம் போகலை.

ஒரு சம்பவம் சொல்றேன். அடையாளங்களை மாத்தியிருக்கேன். மேல்மலைப் பக்கம் ஒரு கிராமம். ஒரு பாட்டி பேரனைக் கூட்டிட்டு வந்தாங்க, சளிக்கு மருந்து வாங்க. பையன் விரல்ல காய்ஞ்ச பல் தடம். என்னடான்னு கேட்டா, "குட்டி விளையாட்டுல கடிச்சுது." எப்போ? "ஒம்பது நாள் ஆச்சு." குட்டி எங்கே? பையன் தலை குனிஞ்சுட்டான். பாட்டி சொன்னாங்க, "அது அஞ்சு நாளு முன்னாடி செத்துப்போச்சு சாமி. புதைச்சுட்டோம். ரெண்டு மாசக் குட்டி, அதுக்கு என்ன வெறி வரப்போகுது?"

எனக்கு வயித்துல புளியைக் கரைச்ச மாதிரி ஆயிடுச்சு.

கடித்த நாய் 10 நாளைக்குள் செத்தால் அதை ரேபிஸ் என்றே எடுத்துக்கணும். குட்டிக்கும் ரேபிஸ் வரும், இதுல வயசு கணக்கே கிடையாது. இன்னும் மோசம் என்னன்னா, குட்டிக்கு 3 மாதம் ஆகும்போதுதான் முதல் ரேபிஸ் தடுப்பூசி போடுவோம். அதுக்கு முன்னாடி பாதுகாப்பு இல்லை. பால் பல் கூர்மையா இருந்து, பார்த்ததையெல்லாம் கடிச்சுப் பழகற வயசும் அதேதான். பிள்ளைங்க விரலைக் காட்டிக் காட்டி விளையாடுற வயசும் அதேதான். நாய்ப் பயிற்சியாளர்கள் "கையை விளையாட்டுப் பொம்மை ஆக்காதே, கடிச்சா விளையாட்டை நிறுத்து, கடிக்க வேற பொருள் கொடு"ன்னு சொல்றது பழக்கவழக்கத்துக்காக. எனக்கு அது தடுப்பு மருத்துவம். சாப்பிடுற நாய்கிட்ட குழந்தையை விடாதீங்கன்னு சொல்றதும் அப்படித்தான்.

நல்லவேளை, அந்தப் பையனுக்கு அறிகுறி எதுவும் வரலை. ரேபிஸ் அறிகுறி வந்த பிறகு உலகத்துல எந்த ஆஸ்பத்திரியிலும் கிட்டத்தட்ட ஒண்ணும் செய்ய முடியாது. காயத்தைக் கழுவி, காயத்துக்குள்ளேயே இம்யூனோகுளோபுலின் போட்டு, தடுப்பூசியும் ஆரம்பிச்சோம். தடுப்பூசின்னதும் பாட்டி பேரன் சட்டையைத் தூக்கி வயித்தைக் காட்டினாங்க. "தொப்புள்லதானே சாமி?" இல்ல பாட்டி, கையில. ரெண்டு கையிலயும் தோலுக்குள்ள துளித்துளியா. இன்னிக்கு, 3, 7, 28-ம் நாள். நாலு தடவை வந்தா போதும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல காசும் கிடையாது. பாட்டியால நம்பவே முடியலை. ஒன்பது நாள் அவங்களை வீட்டிலேயே நிறுத்தி வெச்சது அந்த 14 ஊசிதான்.

நாய் வளர்க்கிறவங்க கேட்கிற சிலதை இங்கேயே சொல்லிடறேன். கடியோ, ரத்தம் வராத நகக் கீறலோ, பட்ட உடனே ஓடும் தண்ணியில சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்க. இந்த வைரஸின் மேலுறை கொழுப்பு, சோப்பு அதைக் கரைச்சிடும். மஞ்சள், மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். கட்டும் போட வேண்டாம். "ஊசி போட்ட நாய்தான்"னு உட்காராம உடனே வாங்க. சிகிச்சையை ஆரம்பிச்சுட்டு நாயை 10 நாள் கவனிப்போம். முடி சீவுறது, நகம் வெட்டுறதுன்னு தினம் நாயோட புழங்கறவங்க முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கலாம். அப்புறம் கடிபட்டா ரெண்டு ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை.

28-ம் நாள் கடைசி ஊசிக்கு வந்தப்போ பையன் நல்லா இருந்தான். கிளம்பும்போது பாட்டி கதவுகிட்ட நின்னு கேட்டாங்க. "பய அழுதுட்டே இருக்கான் சாமி. இன்னொரு குட்டி எடுக்கலாமா?"

எடுங்க பாட்டி. எடுத்த வாரமே கால்நடை டாக்டர்கிட்ட காட்டுங்கன்னேன்.