112-ஐ அழுத்தினா யார் வருவாங்க? ஸ்ரீரங்கம் வீதியிலிருந்து கன்ட்ரோல் ரூம் வரை... ஓர் அழைப்பின் முழுப் பயணம்!

"சித்திரை வீதியில இருந்து பேசுறேன், சீக்கிரம் வாங்க!"

பதற்றத்தில் இவ்வளவுதான் சொல்ல வரும். போனை எடுப்பவர் ஸ்ரீரங்கத்துக்காரராக இருந்தாலே, அடுத்த கேள்வி "எந்தச் சித்திரை வீதி?" என்பதுதான். ஏன்னா, ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதி ஒண்ணு இல்ல... கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்குன்னு கோயிலைச் சுற்றி நாலு. உத்திர வீதியும் அதே மாதிரி நாலு. போதாக்குறைக்கு, மதுரையிலும் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி நாலு சித்திரை வீதிகள் இருக்கு. தமிழ்நாடு முழுக்க வரும் அழைப்புகளைச் சென்னையில் உட்கார்ந்து எடுப்பவருக்கு இந்தக் குழப்பம் எவ்வளவு பெரிசுன்னு யோசிச்சுப் பாருங்க.

அவசர எண்ணை ஞாபகம் வெச்சுக்கிறது சுலபம். அழைக்கிறவர் எங்கே இருக்கார், யாரை அனுப்பணும், இந்த ஏற்பாட்டுக்கு மாசாமாசம் யார் காசு கொடுக்கிறது... இந்த மூணுக்கும் பதில் கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம். ஒவ்வொண்ணா பார்ப்போம்.

ஒரே எண் எப்படி வந்தது?

உலகின் முதல் அவசர எண் 999. லண்டனில் 1935 நவம்பரில் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பிடித்து, ஐந்து பெண்கள் உயிரிழந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தீயணைப்புத் துறைக்கு போன் செய்தபோது, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வரிசையில் காக்க வைக்கப்பட்டார். அந்தக் கோபத்திலிருந்து பிறந்ததுதான் 1937-ல் வந்த 999. அமெரிக்காவின் முதல் 911 அழைப்பு 1968 பிப்ரவரியில், அலபாமாவின் ஹேலிவில் என்ற சின்ன ஊரில் பேசப்பட்டது.

நம்ம ஊரில் போலீஸுக்கு 100, தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108, பெண்களுக்கு 1091, 181, குழந்தைகளுக்கு 1098 என எண்கள் பெருகிக்கொண்டே போயின. டெல்லியில் 2012 டிசம்பரில் நடந்த கொடுமைக்குப் பிறகு, பெண்கள் பாதுகாப்புக்காக 2013 மத்திய பட்ஜெட்டில் 1,000 கோடி ரூபாயுடன் நிர்பயா நிதி அறிவிக்கப்பட்டது. எல்லா அவசரத்துக்கும் 112 என்ற ஒரே எண் இருக்கட்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2015 ஏப்ரலில் பரிந்துரைத்தது. 2018 நவம்பரில் இமாச்சலப் பிரதேசம் முதல் மாநிலமாக இதில் இணைந்தது. 2019 பிப்ரவரி 19 அன்று ஒரே நாளில் 16 மாநிலங்கள் மற்றும் யூனியன் பிரதேசங்களில் 112 தொடங்கிவைக்கப்பட்டது. தமிழ்நாடும் அதில் ஒன்று.

100, 101, 108 போன்ற பழைய எண்களும் இன்னும் வேலை செய்கின்றன. அதனால், உங்களுக்கு 108 தான் பழக்கம்னா, ஆம்புலன்ஸுக்கு அதையே தாராளமா அழைக்கலாம்.

போன் போட்ட பிறகு என்ன நடக்கும்?

112 அழைப்பு முதலில் மாநில அவசர உதவி மையத்துக்குப் போகும். அங்கே ஒருவர் போனை எடுத்து, என்ன பிரச்னை, எங்கே, யாருக்கு என்று கேட்டு கம்ப்யூட்டரில் பதிவு செய்வார். அது போலீஸ் விஷயமா, தீ விபத்தா, மருத்துவமா என்று பிரித்ததும், அனுப்பும் பிரிவு வரைபடத்தைப் பார்க்கும். எந்த ரோந்து வாகனம் பக்கத்தில் இருக்கு என்று கண்டுபிடித்து, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை வழியாகவோ, வாகனத்தில் இருக்கும் டேப்லெட் வழியாகவோ தகவல் போகும். இதற்கான சாஃப்ட்வேரை உருவாக்கியது திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய அரசு நிறுவனமான சி-டாக்.

ஆம்புலன்ஸுக்குத் தனி ஏற்பாடு. தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. இன்று 1,300-க்கும் மேற்பட்ட வாகனங்கள் ஓடுகின்றன. அதற்கும் சென்னையில் தனி அழைப்பு மையம் இருக்கிறது.

கவனிச்சீங்களா? திருச்சியில் அடிபட்டு விழுந்தவருக்கான முதல் பேச்சு, 300 கிலோமீட்டருக்கும் அப்பால் நடக்குது. இதில் நன்மையும் இருக்கு. ஒரு மாவட்டத்தில் திடீர்னு 500 பேர் அழைத்தாலும் எடுக்க ஆள் இருக்கும், எல்லா அழைப்பும் பதிவாகும், ஒரே மாதிரி பயிற்சி கொடுக்கலாம். ஆனா, அம்மா மண்டபம் எங்கே, மாம்பழச்சாலை எங்கே, மூலத்தோப்பு எங்கேன்னு போனை எடுப்பவருக்குத் தானாகத் தெரியாது. அந்த உள்ளூர் அறிவை வரைபடம்தான் கொடுத்தாகணும்.

நீங்க எங்கே இருக்கீங்கன்னு போனுக்குத் தெரியுமா?

தெரியும். ஆனா எவ்வளவு துல்லியமா என்பதில்தான் விஷயமே இருக்கு.

பழைய முறை, செல்போன் டவரை வைத்து இடத்தைக் கணிப்பது. நகரத்தில் சில நூறு மீட்டர், கிராமத்தில் சில கிலோமீட்டர் வரை தவறலாம். ஸ்ரீரங்கத்தில் சில நூறு மீட்டர் என்பது இரண்டு, மூன்று வீதிகள். கிழக்கு உத்திர வீதிக்குப் பதிலா கிழக்குச் சித்திரை வீதியில் போய் ஆம்புலன்ஸ் நின்றால், திருவிழா நாளில் திரும்பி வருவதற்கே நேரம் போயிடும்.

கொள்ளிடம் பாலம் இன்னும் சிக்கல். பாலத்தின் தென்கரையில் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் திருச்சி மாநகரக் காவல்துறை எல்லை. வடகரையில் நம்பர் 1 டோல்கேட் மாவட்டக் காவல்துறை எல்லை. பாலத்து நடுவில் விபத்து நடந்து, அழைப்பை எந்தக் கரை டவர் பிடிக்கிறதோ, அதைப் பொறுத்து அந்தப் பக்கத்து வாகனத்துக்குத் தகவல் போகக்கூடும். ஆற்றுக்கு மேலே நிற்பவருக்கு "இது யார் லிமிட்?" என்ற கேள்வியே தேவையில்லாதது.

புதிய முறையில், நீங்கள் அவசர எண்ணை அழுத்தியதும் போனே ஜி.பி.எஸ்., வைஃபை, டவர் மூன்றையும் சேர்த்து இடத்தைக் கணக்கிட்டு மையத்துக்கு அனுப்பிவிடும். இதற்குத் தனியாக எந்த ஆப்பும் வேண்டாம். பிரிட்டனில் 2014-ல் தொடங்கிய இந்த முறையை ஆண்ட்ராய்டும் ஐபோனும் ஏற்றுக்கொண்டுவிட்டன. அதாவது, உங்க கையில் இருக்கும் போன் பெரும்பாலும் ரெடி. அந்தத் தகவலை வாங்கிக்கொள்ள மையம் ரெடியாக வேண்டும். இந்தியாவில் ஆண்ட்ராய்டின் இந்த வசதியை முதலில் 112-உடன் இணைத்தது உத்தரப்பிரதேசம். 2025 டிசம்பரில் அறிவித்தார்கள்.

காசு யாருடையது?

112 திட்டத்துக்காக நிர்பயா நிதியிலிருந்து மத்திய அரசு ஒதுக்கியது 321.69 கோடி ரூபாய், அதுவும் நாடு முழுக்க. கம்ப்யூட்டர், சாஃப்ட்வேர், மையம் அமைப்பது போன்ற தொடக்கச் செலவுக்கு இது உதவும். நிர்பயா நிதியில் ஒதுக்கிய பணம் முழுசாகச் செலவாகவில்லை என்ற விமர்சனமும் பல வருஷமாக இருக்கிறது.

ஆனா, அவசர மையம் என்பது திறப்பு விழாவோடு முடியும் கட்டடம் இல்லை. மூன்று ஷிப்ட் ஆட்கள், அவர்களுக்குப் பயிற்சி, வாகனத்து டேப்லெட்டுக்கு இன்டர்நெட், சர்வர் பராமரிப்பு, வரைபடத்தை அப்டேட் செய்வது என மாசாமாசம் செலவு ஓடும். மையம் அமைக்க ஒதுக்கீடு அறிவிச்சா தலைப்புச் செய்தி. வரைபடத்தை அப்டேட் செய்ய ஆள் போட்டா, அதைப் பற்றி யாரும் எழுத மாட்டாங்க.

அமெரிக்காவில் வேறு வழி. ஒவ்வொருவர் போன் பில்லிலும் 911-க்கென்று ஒரு சின்னக் கட்டணம் சேரும். நிரந்தர வருமானம், நல்ல யோசனைதானே? ஆனால், அந்தப் பணத்தைச் சில மாநிலங்கள் வேறு செலவுக்குத் திருப்பிவிட்டன. எந்த மாநிலம் திருப்பியது என்று அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் வருஷா வருஷம் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கிறது. நியூயார்க்கும் நியூஜெர்சியும் அதில் அடிக்கடி அடிபட்ட பெயர்கள். பணம் எந்த வழியில் வந்தாலும், அது எங்கே போச்சுன்னு வெளியே சொல்ல ஒரு ஏற்பாடு வேணும் என்பதுதான் நாம் எடுத்துக்க வேண்டிய பாடம்.

திருச்சிக்கு என்ன வேணும்?

2022 செப்டம்பரில் பராமரிப்புப் பணிக்காகக் காவிரிப் பாலம் மூடப்பட்டு, 2023 மார்ச்சில்தான் திறக்கப்பட்டது. ஸ்ரீரங்கத்திலிருந்து புத்தூரில் உள்ள அரசு மருத்துவமனைக்குப் போகும் வழக்கமான வழி அத்தனை மாசமும் இல்லை. கன்ட்ரோல் ரூம் வரைபடத்தில் அந்தப் பாலம் திறந்தே இருந்தால், 'ஏழு நிமிஷத்தில் போகலாம்' என்று கம்ப்யூட்டர் காட்டும் கணக்கு வெறும் காகிதக் கணக்கு.

வைகுண்ட ஏகாதசி, சித்திரைத் தேர், ஆடிப் பெருக்குக்கு அம்மா மண்டபத்தில் கூடும் கூட்டம், மேட்டூரில் தண்ணீர் திறந்ததும் நிரம்பும் காவிரி, கொள்ளிடம்... இவை எதுவுமே திடீர்னு வருவதில்லை. எந்த நாளில் எந்த வீதி அடைபடும் என்று மாநகராட்சிக்கும் போலீஸுக்கும் முன்கூட்டியே தெரியும். அந்தத் தகவல் அதே நாளில் 112, 108, தீயணைப்பு மூன்றின் திரையிலும் தெரிய வேண்டும். ராஜகோபுரம், மாம்பழச்சாலை மாதிரி மக்கள் வாயில் வரும் பெயர்களும், நாலு திசை வீதிகளும் தனித்தனியாக அதில் ஏற வேண்டும். பெரிய பட்ஜெட் கேட்கும் வேலை இல்லை இது. யாருடைய பொறுப்பு என்று எழுதிவைத்தால் போதும்.

இன்னொன்று, கணக்கு. அமெரிக்காவில் 90 சதவிகித அவசர அழைப்புகளை 15 விநாடிக்குள் எடுக்க வேண்டும் என்று ஒரு தர அளவு இருக்கிறது. நம் மாவட்டத்தில் அழைப்பை எடுக்க எத்தனை விநாடி, வாகனம் வந்து சேர எத்தனை நிமிஷம் என்பதை மாதம் ஒருமுறை வெளியிட்டால், எங்கே ஆள் குறைவு, எங்கே வாகனம் குறைவு என்று நாமே கேட்கலாம்.

பெங்களூரில் இருந்து அப்பாவுக்காக 112 அழைக்கலாமா?

ஸ்ரீரங்கத்தில் பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, அப்பா அம்மா மட்டும் இருக்கும் வீடுகள் நிறைய. அதனால் இந்தக் கேள்வி ரொம்ப முக்கியம்.

நீங்க பெங்களூரில் இருந்து 112 அழுத்தினா, அது கர்நாடக மையத்துக்குத்தான் போகும். உங்க போன் எண் திருச்சியில் வாங்கியதாக இருந்தாலும் சரி. 108-ம் அப்படித்தான். வெளிநாட்டிலிருந்து அழுத்தினா, அது அந்த நாட்டு அவசர சேவைக்கான அழைப்பு. அங்கே இருப்பவரிடம் ஸ்ரீரங்கத்தை விளக்கி, அவர் தமிழ்நாட்டைத் தொடர்புகொள்வதற்குள் பொன்னான நிமிஷங்கள் போயிடும்.

அதனால், உங்க முதல் அழைப்பு ஸ்ரீரங்கத்தில் இருக்கும் ஒரு மனுஷருக்குப் போகணும். பக்கத்து வீட்டு மாமி, மாடியில் குடியிருப்பவர், தெருமுனை மெடிக்கல் ஷாப்காரர்... யாராவது இரண்டு பேர். அவங்க அங்கிருந்து 108-ஐ அழைப்பாங்க, கதவையும் திறந்துவைப்பாங்க.

இப்பவே செய்ய வேண்டியவை

* வீட்டு முகவரியைத் திசையோடு ஒரு காகிதத்தில் எழுதி, போன் பக்கத்தில் ஒட்டுங்க. 'திருச்சி, ஸ்ரீரங்கம்' என்று ஊரில் தொடங்கி, வீதி, கதவு எண், அடையாளம் என்ற வரிசையில் இருக்கட்டும்.

* 112 அழைக்க லாக்கைத் திறக்க வேண்டியதில்லை. லாக் ஸ்க்ரீனிலேயே எமர்ஜென்சி பட்டன் இருக்கும். உங்க நெட்வொர்க்கில் சிக்னல் இல்லைன்னா, வேறு நெட்வொர்க் வழியாகவும் போன் முயற்சி செய்யும்.

* பவர் பட்டனைத் தொடர்ந்து அழுத்தினாலும் அவசர அழைப்பு போகும். மூன்று முறையா, ஐந்து முறையா என்பது மாடலுக்கு மாடல் மாறும். செட்டிங்ஸில் 'எமர்ஜென்சி' என்று தேடிப் பாருங்க. அப்பா அம்மா சாதாரண பட்டன் போன் வெச்சிருந்தா, 2017-க்குப் பிறகு விற்பனைக்கு வந்தவற்றில் 5 அல்லது 9-ஐ நீண்ட நேரம் அழுத்தும் வசதி இருக்க வேண்டும் என்பது விதி.

* லொகேஷனை ஆனில் வையுங்க. '112 இந்தியா', தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' ஆப்களில் ஒன்றை நிறுவி, பெயரும் முகவரியும் பதிவு செய்யுங்க.

* ரத்த வகை, அலர்ஜி, சாப்பிடும் மாத்திரைகளை போனின் மெடிக்கல் தகவல் பகுதியில் நிரப்புங்க. லாக் ஸ்க்ரீனிலேயே மற்றவர்கள் அதைப் பார்க்க முடியும்.

* பேசும்போது முதலில் இடம், அப்புறம் பிரச்னை. லைன் கட்டானாலும் வண்டி கிளம்பும். அவங்க சொல்லும்வரை போனை வைக்காதீங்க.

* பழைய போனைக் குழந்தைக்கு விளையாடக் கொடுக்கும் முன் அவசர அழைப்பு வசதியைக் கவனிங்க. தவறி 112 போயிட்டா, கட் பண்ணாம "தெரியாம அழுத்திட்டேன்"னு சொல்லிடுங்க. இல்லைன்னா, அவங்க திரும்ப அழைத்து விசாரிக்க வேண்டியிருக்கும்.

* பண மோசடிக்கு 1930, மனநல உதவிக்கு 14416, முதியோர் உதவிக்கு 14567. இதையும் சேவ் பண்ணிக்கோங்க.

இதைப் படிச்ச கையோட ஊருக்கு ஒரு போன் போட்டு, "ராத்திரியில அவசரம்னா முதல்ல யாரைக் கூப்பிடுவீங்க?"ன்னு அம்மாகிட்ட கேளுங்க. "உன்னைத்தான்"னு பதில் வந்தா, மேலே இருக்கும் பட்டியலை இன்னைக்கே ஆரம்பிச்சிடுங்க.