மாருதி இன்ஜினில் ஒரு ரேஸ் கார்

ரேஸ்னாலே பணக்கார வீட்டுப் பசங்க விளையாட்டுன்னுதானே நினைக்கிறோம்? ரொம்ப நாள் அது உண்மையாவும் இருந்தது.

சென்னைக்கு வடக்கே சோழவரத்துல, இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் ஒண்ணு கிடந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயம் நடத்தியது. மெக்கானிக் கைபட்ட ஃபியட்டும் ஹெரால்டும் சீறிய அதே இடத்துல, விஜய் மல்லையா ஒரு பழைய ஃபார்முலா ஒன் காரையே இறக்கி ஓட்டினார். சாதாரண ஆள் எங்கே போய் மோதுறது?

இங்கதான் கோயம்புத்தூர் கரிவரதன் வர்றார். அவரும் மில் குடும்பத்துக்காரர்தான், வெளிநாட்டு ரேஸ் கார் ஓட்டினவர்தான். ஆனா எண்பதுகளின் கடைசியில் அவர் உருவாக்கிய ஒற்றை சீட் காருக்குள்ள இருந்தது, நம்ம மாருதி 800-ன் 796 சிசி இன்ஜின். மூணே சிலிண்டர்! ஸ்பேர் பார்ட்ஸ் உள்ளூர் கடையிலேயே கிடைக்கும், பழுதானா பக்கத்து மெக்கானிக்கே பிரிச்சுப் பார்ப்பார். முக்கியமா, எல்லாருக்கும் ஒரே இன்ஜின். யார்கிட்ட காசு அதிகம்ங்கிறதை விட யார் நல்லா ஓட்டுறாங்கங்கிறது தெரிய ஆரம்பிச்சது. அதுதான் ஃபார்முலா மாருதி.

1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக்கும் வந்தது. ஃபார்முலா மாருதியில ஓட்டிப் பழகிய நரேன் கார்த்திகேயன், 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் அதைப் பார்க்கல. 1995-லேயே விமான விபத்துல இறந்துட்டார். கோவை செட்டிப்பாளையம் பக்கம் இருக்கிற டிராக்குக்கு அவர் பேரைத்தான் வெச்சிருக்காங்க.