கத்திக்கு முந்திய சத்திரசிகிச்சை: மூளைக் கட்டியும் திருகோணமலை நோயாளியும்

மூளைக் கட்டி என்ற சொல் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லோர் நினைவும் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கே போகிறது. யார் வெட்டுவார், எங்கே வெட்டுவார், எவ்வளவு செலவாகும் என்ற கேள்விகள் உடனே எழுகின்றன. திருகோணமலைத் துறைமுகப் பட்டினத்தை அடுத்த அன்புவழிபுரம் போன்ற ஊரில் இருப்பவருக்கு இவற்றோடு தூரமும் சேர்கிறது. கொழும்புக்கு வீதி வழியே ஏறத்தாழ 260 கிலோமீற்றர். ஆகவே “எங்கள் மாவட்டத்திலும் மூளைச் சத்திரசிகிச்சைப் பிரிவு வேண்டும்” என்ற கோரிக்கை இயல்பாகவே எழுகிறது. அந்தக் கோரிக்கைக்குப் பின்னுள்ள வேதனையை நான் முழுமையாக மதிக்கிறேன். ஆனாலும் நோயாளியின் விதி பெரும்பாலும் அந்தக் கூடத்துக்கு வருமுன்னரே முடிவாகிவிடுகிறது. கட்டி இருக்கிறதா, எங்கே இருக்கிறது, எதைத் தொடக்கூடாது என்ற மூன்று கேள்விகளுக்கும் முதல் விடையைத் தருவது நோயாளியின் உடலும் பேச்சும்தான். அவற்றைச் சரியாகக் கேட்கும் திறனை மாவட்டத்துக்குள் வளர்ப்பதே முதற் பணி என்பது இக்கட்டுரையின் வாதம்.

இந்தத் துறையின் தொடக்கமே இதற்குச் சான்று. 1884 நவம்பர் 25 அன்று இலண்டனில் ரிக்மன் கோட்லீ என்ற சத்திரசிகிச்சை நிபுணர் ஓர் இளம் ஸ்கொட்லாந்து விவசாயியின் மண்டையைத் திறந்தார். எக்ஸ்-கதிர் கண்டுபிடிக்கப்பட இன்னும் 11 ஆண்டுகள் இருந்தன. எங்கே திறப்பது என்று சொன்னவர் ஹியூஸ் பென்னெட் என்ற மருத்துவர். வலிப்பு இடது முகத்தில் தொடங்கியது, பிறகு இடது கையும் காலும் பலவீனமாயின, தலையிடியும் சத்தியும் ஓயவில்லை, கண்ணின் பின்திரையில் வீக்கம் தெரிந்தது. ஹியூலிங்ஸ் ஜாக்சன் வலிப்பு நோயாளிகளைப் பார்த்துச் சேர்த்த அறிவையும், டேவிட் ஃபெரியர் விலங்குகளில் செய்த பரிசோதனைகளையும் துணைக்கொண்டு, கட்டி மூளையின் வலப்பக்க இயக்கப் பகுதியில் இருக்கவேண்டும் என்று பென்னெட் கணித்தார். கட்டி அங்கேயே இருந்தது. நோயாளி நான்கு வாரங்களில் கிருமித் தொற்றால் இறந்தார். கத்தி தோற்றது, கணிப்பு வென்றது. பின்வந்த நூற்றாண்டு கத்தியின் பக்கத்தைச் சீர்செய்தது. ஹார்வி குஷிங் 1926இல் மின்சூட்டால் இரத்தப்போக்கை அடக்கும் கருவியைப் பயன்படுத்தத் தொடங்கினார். 1960களில் யாசர்கில் நுண்ணோக்கி வழிச் சத்திரசிகிச்சையை வளர்த்தெடுத்தார்.

இடங்காணும் பணியோ மெல்ல மெல்ல இயந்திரத்திடம் போனது. 1971 அக்டோபர் 1 அன்று இலண்டனின் விம்பிள்டனில் முதன்முதலாக சி.டி. ஸ்கான் செய்யப்பட்ட நோயாளிக்கும் மூளையின் நெற்றி மடலில் கட்டிதான் இருந்தது. இன்று படம் சில நிமிடங்களில் விடை தருகிறது. ஆனால் படம் எடுக்கவேண்டும் என்று ஒருவர் தீர்மானிக்கவேண்டும். அந்தத் தீர்மானம் இன்றும் 1884இல் பென்னெட் நின்ற இடத்திலேயே, வெளிநோயாளர் பிரிவில் ஒரு மேசைக்கு முன்னால்தான் நிகழ்கிறது.

நம் பக்கத்து வரலாற்றையும் இதே கண்ணோடு பார்க்கவேண்டும். மொன்றியலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேகப் சாண்டி 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் சத்திரசிகிச்சைத் துறையைத் தொடங்கினார். 1950இல் பி. ராமமூர்த்தி சென்னை அரசு பொது மருத்துவமனையில் அப்பணியை ஆரம்பித்தார். இலங்கையில் 1956இல் கொழும்பு பொது வைத்தியசாலையில் ஷெல்ட்டன் கப்ரால் வழிதிறந்தார். இந்தத் தலைமுறையிடம் ஸ்கான் இல்லை. மூளையின் அறைகளுக்குள் காற்றைச் செலுத்தி எடுத்த எக்ஸ்-கதிர்ப் படமும், இரத்தக் குழாய்ப் படமும், தம் கைகளால் செய்த பரிசோதனையுமே இருந்தன. இன்னொன்றையும் அவர்கள் நேரில் கண்டார்கள். மண்டைக்குள் கட்டியாகத் தெரிந்தவற்றில் கணிசமான பங்கு காசநோய்க் கழலைகள். அவற்றுட் பலவற்றை இன்று மருந்தாலேயே கரைக்கலாம். தெற்காசிய நோயாளியின் தலைக்குள் நிழல் தெரிந்தால் அது புற்றுநோய் என்று வீட்டார் உடனே முடிவுகட்டவேண்டியதில்லை. வீட்டில் யாருக்காவது நீண்டநாள் இருமல் இருந்ததா என்று கேட்பதும் இங்கே நோயறிதலின் பகுதியே.

மண்டையோடு விரியாத பெட்டி. உள்ளே மூளை, இரத்தம், மூளைநீர் ஆகிய மூன்றுக்கும் அளவான இடமே உண்டு. கட்டி வளர வளர முதலில் நீரும் பிறகு சிரை இரத்தமும் இடம்விட்டுக் கொடுக்கின்றன. அதுவரை நோயாளி நடமாடுகிறார், வேலைக்குப் போகிறார், பனடோல் குடிக்கிறார். விட்டுக்கொடுக்க இடமில்லாத நாளில் அழுத்தம் செங்குத்தாக ஏறுகிறது. “நேற்றுவரை நல்லாத்தானே இருந்தவர்” என்று உறவினர் சொல்வது உண்மையே. அந்த நேற்றுக்கு முந்திய வாரங்களில்தான் காப்பாற்றும் வாய்ப்பு இருந்தது.

தலையிடியோடு வருவோரில் மிகப் பெரும்பாலோருக்குக் கட்டி இல்லை. எல்லோருக்கும் ஸ்கான் செய்வது முடியாது, தேவையும் இல்லை. ஆனால் விடியற்காலையில் எழுப்பும் தலையிடி, காரணமற்ற சத்தி, வளர்ந்தவருக்கு முதன்முறையாக வந்த வலிப்பு, வாரக்கணக்கில் மெல்லக் கூடும் ஒருபக்கப் பலவீனம், வீட்டாருக்கு மட்டும் தெரியும் குணமாற்றம் ஆகியவற்றைப் பிரித்தறிய வேண்டும். அதற்கு உதவும் மிகச் சிறந்த கருவி 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் உருவாக்கிய கண்ணுள்நோக்கி. பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் வட்டம் வீங்கியிருந்தால் மண்டைக்குள் அழுத்தம் கூடியிருக்கலாம் என்று அது கையடக்கத்தில் காட்டிவிடும். வட்டம் இயல்பாக இருந்தாலும் கட்டி இல்லை என்று சொல்லிவிட முடியாது. எனவே நோயாளி சொல்லும் கதைக்கு எடை குறையக்கூடாது. மூளைக் கட்டிச் சத்திரசிகிச்சையின் முதற் கருவி எதுவென்று கேட்டால் நான் கண்ணுள்நோக்கியைத்தான் சொல்வேன். திருகோணமலைப் பல்கலைக்கழக வளாகத்தில் சித்த மருத்துவப் பட்டப்படிப்பும் நடைபெறுகிறது. நாட்பட்ட தலையிடிக்கு மக்கள் சித்த வைத்தியரையும் நாடுகிறார்கள். அந்த மாணவருக்கும் இந்தக் கருவியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தால், நோயாளி எந்த வாசலில் நுழைந்தாலும் சரியான இடத்துக்கு அனுப்பப்படுவார்.

மாவட்ட வைத்தியசாலையின் பங்கு அதோடு முடிவதில்லை. கட்டியைச் சுற்றிய வீக்கத்தை டெக்ஸாமெதசோன் குறைக்கும் என்று 1961இல் கலிசிச்சும் ஃபிரெஞ்சும் காட்டினார்கள். மலிவான இம்மருந்தைப் புறப்படுமுன் கொடுத்தால் கிடைக்கும் அவகாசம், ஹபரணை வழியாகக் கொழும்புக்கு மணிக்கணக்கில் ஓடும் அம்புலன்ஸ் பயணத்தில் உயிருக்கும் மரணத்துக்கும் இடையிலான வேறுபாடாக அமையலாம்.

இனி மாவட்டப் பிரிவு என்ற கோரிக்கைக்கு வருவோம். 2020இல் உலகெங்கும் ஏறத்தாழ 3 இலட்சத்து 8 ஆயிரம் பேருக்குப் புதிதாக மூளை, நரம்பு மண்டலப் புற்றுநோய் ஏற்பட்டதாக மதிப்பிடப்பட்டது. 2012 கணக்கெடுப்பில் 3 இலட்சத்து 80 ஆயிரத்தை ஒட்டியிருந்த திருகோணமலை மாவட்ட மக்கள்தொகைக்கு அந்த விகிதத்தைப் பொருத்தினால் ஆண்டுக்குப் பதினைந்து பேர் அளவில் வரும். புற்றல்லாத மெனின்ஜியோமா, பிட்யூட்டரிக் கட்டி, வேறு உறுப்பிலிருந்து பரவிய கட்டி ஆகியவற்றைச் சேர்த்தால் எண்ணிக்கை சில மடங்கு கூடும். அப்போதும் தனிப் பிரிவு ஒன்றின் கைப்பழக்கத்தைத் தக்கவைக்க அது போதாது. இவ்வேலையில் கைப்பழக்கமே பாதுகாப்பு. விபத்தில் தலை அடிபட்டோருக்காக மாவட்டத்தில் அவசரச் சத்திரசிகிச்சை வசதி வேண்டும் என்று வாதிட்டால் நான் உடன் நிற்பேன். அது வேறு வாதம்.

எவ்வளவு வெட்டுவது என்ற கேள்வி நோயாளியின் பேச்சை மறுபடியும் மையத்துக்குக் கொண்டுவருகிறது. மூளையுறையில் வளரும் மெனின்ஜியோமா மூளையைத் தள்ளுகிறதே தவிரப் பெரும்பாலும் அதற்குள் கலப்பதில்லை. முழுமையாக எடுக்க முடிந்தால் பலருக்கு அதுவே தீர்வு. கிளியோமா அப்படியல்ல. அது மூளையின் இழைகளுக்கிடையே ஊடுருவுகிறது. 1928இல் வால்ட்டர் டான்டி கிளியோமாவுக்காக வலப்பக்க அரைக்கோளத்தையே அகற்றிப் பார்த்தார். அதுவும் நோயை வெல்லவில்லை. ஆகவே பேச்சையும் அசைவையும் காத்துக்கொண்டு இயன்றவரை எடுப்பதே இன்றைய நெறி. மூளைக்கு வலியுணர்வு இல்லாததால், தேவைப்படும்போது நோயாளியை விழித்திருக்கவைத்து, படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் செய்து, மின்தூண்டலால் பேச்சு தடைப்படும் இடங்களைக் குறித்து விலக்குகிறார்கள். அந்த இடங்கள் ஆளுக்கு ஆள் மாறுகின்றன. இருமொழி பேசுவோரில் இரு மொழிகளுக்கும் உரிய இடங்கள் ஓரளவு வேறுபடுவதை 1978இல் ஓஜ்மனும் விட்டேக்கரும் காட்டினார்கள். ஒருவர் வீட்டில் தமிழும் வேலைத்தளத்தில் சிங்களமும் பேசுபவராயின், ஒரு மொழியில் மட்டும் சோதித்து வெட்டினால் மற்றதை இழக்கும் ஆபத்து உண்டு.

இங்கே தமிழ்ப் புலமையாளருக்கும் வேலை இருக்கிறது. தமிழ் வினையில் ஆள், எண், பால் எல்லாம் ஈற்றில் ஒட்டி நிற்கின்றன. பொருள்களுக்குப் பெயர் சொல்ல முடிந்தவர் “அவள் வந்தான்” என்று தடுமாறக்கூடும். பெயர்ச்சொற் படங்கள் மட்டும் கொண்ட சோதனை அதைத் தவறவிடும். ஆகவே வினை கொண்டு வாக்கியம் முடிக்கும் சோதனைகளும், தோணி, சுளகு, அகப்பை என்று நோயாளி நாளும் கையாளும் பொருள்களின் படங்களும், இப்பகுதிப் பேச்சுவழக்கில் தொகுக்கப்படவேண்டும். சத்திரசிகிச்சை நிபுணரும் மொழியியலாளரும் பேச்சுச் சிகிச்சையாளரும் சேர்ந்து செய்யவேண்டிய ஆய்வு இது.

விழிப்புநிலைச் சத்திரசிகிச்சை நடக்காத வார்டிலும் இதே தேவை உண்டு. இடது காதுப்புற மடலின் பின்பகுதி பாதிக்கப்பட்டவர் சரளமாகவே பேசுவார், ஆனால் பொருள் இருக்காது. தமிழ் தெரியாத தாதிக்கு அது வழக்கமான தமிழாகவே கேட்கும். இரவில் இரத்தக் கசிவால் பேச்சு குலையத் தொடங்கினாலும் யாரும் அறியமாட்டார்கள். தமிழறிந்த ஒருவர் அருகில் இருப்பதை நான் மொழியுரிமையாக மட்டும் கோரவில்லை. இரத்த அழுத்தத்தை அளப்பதுபோல அது கண்காணிப்பின் பகுதி.

கடைசியாக, திரும்பி வந்தவரின் நிலை. கிளியோமாவின் மிகக் கொடிய வகையான கிளியோபிளாஸ்டோமா நோயாளிக்குக் கதிர்ச்சிகிச்சையோடு டெமோசோலமைட் என்ற மருந்தைச் சேர்த்தபோது இடைநிலை உயிர்வாழ்வுக் காலம் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமானது என்று 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. இரண்டாண்டு கடந்தோர் 10.4 விழுக்காட்டிலிருந்து 26.5 விழுக்காடாயினர். அந்தக் கதிர்ச்சிகிச்சை ஆறு வாரங்களில் 30 அமர்வுகள். நாட்கூலிக் குடும்பம் வேற்றூரில் ஆறு வாரம் எங்கே தங்கும் என்பதற்கு விடையில்லாமல் இந்தப் புள்ளிவிபரம் அன்புவழிபுரத்துக்குப் பொருந்தாது. தங்குமிடச் செலவைச் சிகிச்சைச் செலவாகவே கணக்கிடவேண்டும். வீடு திரும்பியபின் வலிப்பு மருந்தின் அளவைப் பார்க்கவும், டெக்ஸாமெதசோனைப் படிப்படியாகக் குறைக்கவும், அதனால் ஏறும் சீனியைக் கவனிக்கவும் திருகோணமலையிலேயே கிளினிக் ஒன்று போதும். வாரக்கணக்கில் குடித்த டெக்ஸாமெதசோனைத் திடீரென நிறுத்தினால் உடல் தளர்ந்து உயிராபத்துக்கூட நேரலாம். மருந்து தீர்ந்ததும் அடுத்த கொழும்புத் திகதிவரை காத்திருக்கும் நோயாளிக்கு இதை எழுதியும் சொல்லியும் அனுப்பவேண்டும், அவருடைய மொழியில்.