செய்தியைச் சொல்பவன்

2017 ஜனவரியில் மெரினாவில் நடந்ததைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சிகளாகப் பிரிந்துவிட்டார்கள். ஃபேஸ்புக்கும் வாட்ஸப்பும் தலைவனில்லாத ஒரு புதுத் தமிழ்ச் சமூகத்தைப் படைத்துவிட்டன என்றது ஒரு கட்சி. ஒரு வாரத் திருவிழா, கலைந்துவிட்டது என்றது மற்றது. இரு தரப்பும் பார்த்தது சாதனத்தை மட்டுமே. செய்தியை யார் சொல்லலாம், யார் கேட்டுக்கொள்ள மட்டும் வேண்டும் என்ற ஏற்பாடு நம் ஊர்களில் வெகுகாலமாக இருந்து வருகிறது. சாதனம் மாறியபோது அந்த ஏற்பாடு எவ்வளவு தூரம் மாறியது என்பதுதான் சரித்திரம் கேட்க வேண்டிய கேள்வி.

செட்டிநாட்டையே எடுத்துக்கொள்ளலாம். பர்மாவில் லேவாதேவி செழித்திருந்த காலத்தில் கொத்தமங்கலம் போன்ற ஓர் ஊருக்குச் செய்தி இரண்டு வழிகளில் வந்தது. பெரிய வீடுகளுக்குத் தபாலும் தந்தியும். ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் நகரத்தார் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்தார்கள். அந்தத் தொழிலில் செய்தியே மூலதனம். முன்னால் அறிந்தவன் முன்னால் சம்பாதித்தான். மற்றத் தெருக்களுக்கு வந்தது தண்டோரா. வரி கட்டவேண்டிய கெடுவும் ஊர்க்கட்டுப்பாடும் தமுக்கடித்துச் சொல்லப்பட்டன. அடித்தவர் சாதியால் அந்த வேலைக்கு விதிக்கப்பட்டவர். ஊர் முழுக்கக் கேட்டது அவருடைய குரல்; சொன்ன வார்த்தைகளில் ஒன்றுகூட அவருடையதில்லை. இந்த வழக்கத்தை நிறுத்தும்படி தமிழக அரசு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியது 2022 ஆகஸ்டில், அதாவது வாட்ஸப் தோன்றிப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து. ஒரு சாதனம் வந்ததும் பழையது தானாக ஒழிந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இடையில் அச்சு வந்தது. ராய. சொ. ஆசிரியராக இருந்த 'ஊழியன்', சொ. முருகப்பாவின் 'குமரன்' ஆகியவை காரைக்குடியிலிருந்து சீர்திருத்தம் பேசின. 'ஊழியனி'ல் புதுமைப்பித்தனும் சில காலம் வேலை பார்த்தார். அச்சு, சொந்தக் கருத்தைச் சொல்லும் மனிதனை உண்டாக்கியது. ஆனால் எழுத்தறிவும் சந்தாப் பணமும் உள்ளவர்களுக்குள்ளேயே அவன் பேசிக்கொண்டிருந்தான்.

கைப்பேசி இந்த இடத்தில்தான் வருகிறது. 2014 மே 7இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. சிராவயல் மஞ்சுவிரட்டை அறிந்த இந்த வட்டாரத்துக்கு அது தூரத்துச் செய்தியாக இருக்கவில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையத்தின் விலை சரிந்தது. நான்கே மாதத்தில், ஜனவரி 16இல் அலங்காநல்லூரில் கிளம்பிய எதிர்ப்பு மறுநாள் மெரினாவுக்குப் பரவியது. இரவில் விளக்குகள் அணைந்தபோது கூட்டம் கைப்பேசிகளை ஏற்றிப் பிடித்தது. 21இல் அவசரச் சட்டம். 23இல் காலையில் போலீஸ் தடியடி, மாலையில் சட்டசபையில் மசோதா. செய்தியைச் சொன்னவனும் கேட்டவனும் ஒருவனாக இருந்த அந்த ஏழு நாட்களின் புதுமையை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஆனால் அதே மார்ச்சில் தமிழக விவசாயிகள் மண்டை ஓடுகளுடன் டில்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். அந்தப் படங்களும் அதே கைப்பேசிகளில்தான் ஓடின. கூட்டம் சேரவில்லை. மெரினாவில் உட்கார அவர்கள் 2018இல் அனுமதி கேட்டபோதும் கடற்கரை கிடைக்கவில்லை. படம் பரவுவதற்கும் மனிதர்கள் வந்து நிற்பதற்கும் நடுவில் வர்க்கம், வயது, நகரம் என்று பல இருக்கின்றன. சாதனம் அவற்றைத் தாண்டவில்லை.

தூத்துக்குடி இன்னொன்றையும் காட்டியது. 2018 மே 22இல் தொடங்கிய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மாண்டார்கள். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் நிறுத்தப்பட்டது. தண்டோரா அடிக்கச் சொன்ன அதிகாரம் இப்போது வாயை மூடச் சொல்கிறது. அதற்கு ஓர் உத்தரவு போதும். காஷ்மீர் வழக்கில் 2020 ஜனவரி 10இல் உச்ச நீதிமன்றம், காலவரையறையின்றி இணையத்தை முடக்குவது கூடாது என்றது. காலவரையறையோடு முடக்கலாம் என்பதும் அதில் அடக்கம்.

உத்தரவே இல்லாமல் மூடிக்கிடக்கும் வாய்கள் வேறு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட ஆண்களில் 57 சதவீதம் பேர் ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்தியிருந்தார்கள், பெண்களில் 33. வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு இந்த எண்கள் புதிதல்ல. முதியோர் உதவித்தொகை வந்துவிட்டதா என்று கேட்கும் கிழவியிடம், செய்தி வந்திருக்குமே, பார்க்கவில்லையா என்கிறோம். கணக்கில் பதிந்த எண் மகனுடையது, மகன் திருப்பூரில்.

மெரினாவில் எழுந்த குரல் உண்மையானது. அது எல்லோருடைய குரல் என்று எழுதுவதில்தான் பொய் இருக்கிறது. தமுக்கடித்தவருக்குக் குரல் இருந்தது, சொல் இல்லை. இந்தக் கிழவிக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அவள் பெயரில் வரும் செய்திகூட அவள் கைக்கு வருவதில்லை. இனி எழுதப்படும் இயக்க வரலாறுகள் கூட்டத்தின் அளவோடு இவளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.