பியானோவும் பிள்ளைகளின் மூளையும்

நாம் படித்த காலத்தில், காலைக் கூட்டத்தில் பாட்டுக்கு வாசிக்க ஒருத்தி வேண்டும் என்றுதான் பியானோ பழக்கினார்கள். இன்றோ, "டொக்டர், பியானோ பழகினால் பிள்ளைக்கு மூளை வளருமா?" என்று தாய்மார் எம்மிடம் கேட்கிறார்கள்.

இந்த நம்பிக்கை பரவ முக்கிய காரணம் 1993இல் கலிபோர்னியாவில் நடந்த ஓர் ஆய்வு. மோட்சார்ட்டின் இசையைப் பத்து நிமிடம் கேட்ட பல்கலைக்கழக மாணவர்கள் ஒருவகைச் சோதனையில் சற்றுக் கூடுதலாகச் செய்தனர். கால் மணி நேரத்தில் அப்பயன் மறைந்தது. அவர்கள் குழந்தைகளுமல்லர், வாசித்தவர்களுமல்லர். ஆயினும் 1998இல் ஜோர்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு வழங்கப் பணம் ஒதுக்கக் கேட்டார்!

பிள்ளைகளிடம் முறையான சோதனை வந்தது ரொறன்ரோவில், எம் பழைய மாணவிகள் பலர் வாழும் நகரில். 2004இல் கிளென் ஷெலன்பெர்க் 144 ஆறு வயதுப் பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்தார். ஓராண்டு கீபோர்ட்டோ வாய்ப்பாட்டோ பயின்றோரின் நுண்ணறிவு ஈவு சராசரி 7 புள்ளி கூடியது, ஏனையோருக்கு 4.3. மூன்று புள்ளிகூட வித்தியாசமில்லை. நாடகம் பயின்றோர் பிறருடன் பழகுவதில் முன்னேறியிருந்தனர். புலமைப்பரிசில் பரீட்சையை எண்ணி, அழும் பிள்ளையைப் பியானோவின் முன் இருத்தவேண்டாம் என்றே நாம் சொல்லி வருகிறோம்.

விரும்பிப் பழகும் பிள்ளையின் கதை வேறு. வாரம் அரைமணி வீதம் 15 மாதம் கீபோர்ட் பயின்ற சிறுவர்களின் மூளையில், விரல்களை இயக்கும் பகுதியும் ஒலியை உணரும் பகுதியும் மாறியிருந்ததை 2009இல் வெளியான ஸ்கான் ஆய்வு காட்டியது.