தீ எதை விட்டுவைக்கிறது?

ராஜஸ்தானில் உதய்ப்பூருக்கு அருகே பாலாதல் என்றொரு ஊர். அங்கே சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் இறந்த நடுவயது ஆண் ஒருவரின் எலும்புக்கூட்டில் தொழுநோயின் தடங்கள் இருப்பதாக 2009-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். இந்நோய்க்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எலும்புச் சான்றுகளில் ஒன்று அது. மூக்குத் துவாரத்தின் விளிம்பு அரித்துப்போயிருந்தது. உடலைச் சுற்றி மாட்டுச் சாணம் எரிந்த சாம்பல் நிறைய இருந்தது. ஆனால் அவரை எரிக்கவில்லை. என்னைக் கேட்டால் விஷயமே அங்கேதான் இருக்கிறது.

எரியும் எலும்பு முதலில் கறுக்கும், பிறகு சாம்பல் நிறமாகும், 800 டிகிரியைத் தாண்டினால் வெளுக்கும். அதற்குள் டிஎன்ஏ அழிந்துவிடும். எலும்பு சுருங்கி, முறுக்கிக்கொண்டு வெடிக்கும். பல்லின் எனாமல் சிதறிவிடும்; வேர் தப்பிக்கும். குழந்தைகளின் இன்னும் முளைக்காத பல்லும் தாடைக்குள் பத்திரமாக இருக்கும். இவ்வளவுக்குப் பிறகும் நோயைப் படிக்க முடியும் என்பதுதான் ஆச்சரியம். முதுகெலும்பின் மூட்டுத் தேய்மானம், கண்குழியின் கூரையில் ரத்தசோகையோடு சேர்த்துப் பேசப்படும் சிறு துளைகள் எல்லாம் சாம்பலிலிருந்தும் கிடைத்திருக்கின்றன. நெருப்பு உண்டாக்கிய விரிசலின் விளிம்பு கூராக இருக்கும். உயிரோடிருந்தபோது வந்த புண் ஆறத் தொடங்கியிருந்தால் விளிம்பு மழுங்கியிருக்கும். செத்த எலும்பு ஆறாதே! ஆனால் மூக்கைச் சுற்றிய மெல்லிய எலும்புகள் எளிதில் நொறுங்கிவிடும். தொழுநோய் தன் தடத்தை விடுவதும் அங்கேதான்.

என் தாத்தாவுக்கு இளவயதில் முதுகெலும்பில் காசநோய், கடைசிவரை கூன். அம்பத்தூர் மயானத்தில் வரட்டி வைத்துத்தான் எரித்தோம். மறுநாள் எலும்பு பொறுக்கும்போது அங்கே வேலை செய்பவர், "கால்ல இருந்து எடுங்க தம்பி, தலை கடைசி. எல்லாத்துலயும் கொஞ்சம் போதும்" என்றார். எரிந்த பெரிய ஆள் ஒருவரின் எலும்பு சராசரியாக ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தேறும். எங்கள் கலயத்தில் இரண்டு கைப்பிடிகூட இல்லை. கூன் விழுந்த முதுகெலும்பு எங்கள் கலயத்துக்குள் வரவில்லை. லாகில் ஒரு வரி இல்லையென்றால் பிழையே நடக்கவில்லை என்று எங்கள் ஆபீஸில் யாரும் சொல்லமாட்டார்கள்.

மணிமேகலை ஈமமுறைகளை ஐந்தாகச் சொல்கிறது: எரிப்பது, வெட்டவெளியில் இடுவது, குழியில் புதைப்பது, அடைத்துவைப்பது, தாழியில் கவிப்பது. ஆதிச்சநல்லூரில் 2004-05 அகழாய்வில் மட்டும் 150-க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. பழந்தமிழரின் உடம்பைப் பற்றி நாம் பேசுவது பெரும்பாலும் இப்படித் தாழியில் எரியாமல் கிடைத்தவர்களை வைத்துத்தான். ஆகவே 'சங்ககாலத் தமிழரில் இத்தனை பேருக்கு இந்த நோய்' என்று யாராவது எழுதினால், ஐந்தில் எந்த வழியில் போனவர்களை எண்ணினார்கள் என்று முதலில் கேட்பேன். எரிந்த துண்டுகள் கிடைத்த குழியென்றால் இன்னொரு கேள்வியும் உண்டு: மண்ணைச் சலித்து எடைபோட்டார்களா? எத்தனை கிராம் என்று தெரியாமல், காணாமல்போனது எவ்வளவு என்று எப்படிச் சொல்வது?