முடித்தவரே எழுத்தாளர்

புதிதாக எழுதவரும் என் மாணவர் முதல் அத்தியாயத்தையே பத்துத் தடவை திருத்துவர், இரண்டாவது பிறப்பதில்லை. இக்குறை எனக்கும் உண்டு. கனேடிய எழுத்தாளர் ஜோன் மக்ரேயும் பல்லாண்டுகள் தொடக்கங்களிலேயே நின்றவர்தாம். 2011 ஜூனில், அதிவல்லமை பெற்றோரின் கதையான 'வேர்ம்' தொடரை இணையத்தில் ஆரம்பித்தார். வாரத்துக்கு இரு அத்தியாயங்கள் என நாள் குறித்துக்கொண்டார். வாசகர் காத்திருந்தமையால் பின்னோக்கித் திருத்த அவகாசமில்லை, முன்னோக்கியே எழுதினார். 2013 நவம்பரில் தொடர் நிறைவுற்றபோது 16 இலட்சம் சொற்களைத் தாண்டியிருந்தது.

1836இல் 'பிக்விக் பேப்பர்ஸ்' கதையை மாதப் பகுதிகளாக எழுதிய டிக்கன்ஸையும் தவணைதான் நாவலாசிரியர் ஆக்கியது.

நேயர்களே, நாளைக் குறியுங்கள், குறையோடாயினும் முடியுங்கள். முடிந்த கதையைத் திருத்தலாம். எழுதாத கதையை எப்படித் திருத்துவது? என் மேசை லாச்சியில் உறங்கும் நாவலுக்கும் நாள் குறித்துவிட்டேன்.